ரேடியோவுல நேரடிக் கச்சேரி, மலையில நாம கேட்ட கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பக்கம் பழைய வால்வு ரேடியோக்களை (டிரான்சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடி, சூடாகற கண்ணாடிக் குழாய் வச்சு ஓடினது) சரி பண்றது என் வேலை. செட்டை எடுத்துட்டு வர்றவங்க சும்மா போறதில்ல, அந்தக் காலத்துல மதியத்துல ரேடியோவுல என்ன வரும், யார் பாடுவாங்க, மலை மேல அது எப்படி கேட்டுச்சுன்னு ஒவ்வொண்ணா கேப்பாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க சேத்து வச்சிருக்கேன். என் எண்ணம் ஒண்ணுதான். அந்த மதிய இசைய உண்டாக்கினது பாடினவங்க மட்டும் இல்ல, கம்பி கட்டி, பேட்டரி சுமந்து, முள்ளைத் திருப்பிக் கேட்டவங்களும்தான். மலைக்காரங்க விஷயத்துல இது இன்னும் உண்மை.

கேள்வி: அண்ணே, அப்பல்லாம் எல்லாமே நேரடியாத்தான் வந்துச்சாமே, ரெக்கார்டிங்கே கிடையாதா?

இசைத்தட்டு இருந்துச்சு, அதை ரேடியோவுல போடவும் செஞ்சாங்க. ஆனா 78 சுத்து தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், மூணரை நிமிஷம்தான் வரும், அதுக்குள்ள ஒரு ராகத்தை எடுத்து ஆலாபனை (வார்த்தை இல்லாம ராகத்தை விரிச்சுப் பாடறது) பண்ணி கீர்த்தனைக்கு வரவே முடியாது. காந்த டேப் இங்க ஸ்டேஷன்களுக்கு வந்தது ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகுதான். அதனால அரை மணி நேரக் கச்சேரி வேணும்னா அரை மணி நேரம் ஒருத்தர் மைக் முன்னாடி உக்காந்து பாடியே ஆகணும், வேற வழி இல்ல. நேரடிங்கறது அன்னிக்கு ஒரு பெருமைக்காகச் சொன்ன வார்த்தை இல்ல, அதுதான் ஒரே வழி. வயலின் தந்தி அறுந்தா அதுவும் கேக்கும், பாடகர் தொண்டையை செருமினா அதுவும் கேக்கும். நீங்க அந்த நேரம் வெளிய போயிருந்தீங்கன்னா அந்தக் கச்சேரி உங்களுக்கு போனது போனதுதான்.

கேள்வி: நம்ம தமிழ்நாட்டுல இது எப்ப ஆரம்பிச்சது?

1924-ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டிங்கறவர் முன்னாடி நின்னு மே மாசம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்னு ஒண்ணு தொடங்கினாங்க, ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு ஆரம்பிச்சுட்டாங்க. பம்பாய்லயும் கல்கத்தாவுலயும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி ஸ்டேஷன் திறந்தது 1927-ல, அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே மெட்ராஸ்ல ஆர்வலர்கள் சொந்த முயற்சியில பாட்டு அனுப்பிட்டு இருந்தாங்க, இதை நம்ம ஆளுங்க நிறைய பேர் தெரிஞ்சுக்காம இருக்கறது எனக்கு வருத்தம். முதல்ல 40 வாட் டிரான்ஸ்மிட்டர், அப்புறம் 200 வாட். வீட்டுல எரிஞ்ச பழைய குண்டு பல்பு சிலதுக்கான கரண்ட் அவ்வளவுதான், அதை வச்சு ஊருக்கே பாட்டு குடுத்தாங்க.

1927-ல பணம் இல்லாம கிளப் மூடிப் போச்சு. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்கு குடுத்தாங்க. 1930 ஏப்ரல் 1-ல இருந்து சென்னை மாநகராட்சி ரிப்பன் மாளிகையில இருந்து ஒலிபரப்ப ஆரம்பிச்சது, சாயங்காலத்துல பெரும்பாலும் சங்கீதம், பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத் தனியா பாட்டும் கதையும். மெரினாவுலயும் பூங்காக்கள்லயும் ஒலிபெருக்கி வச்சிருந்தாங்க, ஜனங்க மணல்ல உக்காந்து கேட்டாங்க. ஒரு முனிசிபாலிட்டி தண்ணி, சாக்கடை, விளக்கோட சேத்து சங்கீதத்தையும் தன் பொறுப்பா எடுத்து எட்டு வருஷம் நடத்துச்சுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்.

1938 ஜூன் 16-ம் தேதி அகில இந்திய வானொலியோட சென்னை நிலையம் வந்துச்சு, மாநகராட்சி ஒலிபரப்பு அதோட நின்னுச்சு. 1939 மே 16 திருச்சி நிலையம். மலைக்காரங்களுக்கு திருச்சிதான் முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன்.

கேள்வி: அந்த 1924, 1930 ஒலிபரப்பு ஊட்டியில கேட்டிருக்குமா?

மதியத்துல கேட்டிருக்க வாய்ப்பே இல்லன்னு சொல்லலாம். சென்னைக்கும் ஊட்டிக்கும் நேர்கோட்டுல 400 கிலோமீட்டருக்கு மேல. 200 வாட் மீடியம் வேவ் (மத்திய அலை) பகல்ல நகரத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் போகும், அவ்வளவுதான். கிரிஸ்டல் செட்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு சின்ன கலினா கல்லு மேல மெல்லிசு கம்பியை வச்சு ஹெட்போன்ல கேக்கறது, கரண்ட்டே வேண்டாம், சென்னைக்காரங்க நிறைய பேர் அதுலதான் கேட்டாங்க. ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா மட்டும்தான் அது பேசும், மலைக்கு அது சும்மா ஒரு கல்லு. இங்க மேல ரேடியோ வேணும்னா முதல் நாள்ல இருந்தே வால்வு செட் வேணும், அது அன்னிக்கு பங்களாக்காரங்களால மட்டும் வாங்க முடிஞ்ச பொருள்.

திருச்சி வந்தப்பறம் நிலைமை மாறுச்சு. அது 5 கிலோவாட். ஊட்டியில இருந்து சுமார் 230 கிலோமீட்டர், கொடைக்கானல்ல இருந்து 145 கிலோமீட்டர். அதனால கொடைக்கானல்காரங்களுக்கு பகல்லயே ஓரளவு தெளிவா கிடைச்சுது, நீலகிரியில நல்ல ஏரியலும் நல்ல செட்டும் இருந்தா இரைச்சலோட கிடைக்கும். சென்னை நிலையம் மீடியம் வேவோட ஷார்ட் வேவ்லயும் (ரொம்ப தூரம் போற சிற்றலை) அனுப்புச்சு, தூரத்து ஆளுங்களுக்கு அதுதான் கை குடுத்துச்சு.

கேள்வி: எங்க தாத்தா "ராத்திரி ஆனா ஊரெல்லாம் கேக்கும், மதியம் ஒண்ணும் கேக்காது"ன்னு சொல்வாரு. இது நெசமா?

நெசம்தான், நூத்துக்கு நூறு. காரணம் வானம். தரையில இருந்து 60, 90 கிலோமீட்டர் உயரத்துல சூரிய வெளிச்சத்தால மின்னேற்றம் ஆகற ஒரு அடுக்கு இருக்கு, அதை டி அடுக்குன்னு சொல்வாங்க. பகல்ல அது மீடியம் வேவை உறிஞ்சிடும், தரையோட ஒட்டிப் போற அலை மட்டும்தான் நம்மகிட்ட வரும். சூரியன் இறங்கினதும் அந்த அடுக்கு கரைஞ்சு போயிடும், அதுக்கு மேல இருக்கற அடுக்குல பட்டு அலை திரும்பி கீழ வரும், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஸ்டேஷனும் பக்கத்து வீடு மாதிரி கேக்கும். ஷார்ட் வேவ் பகல்லயும் மேல போய்த் திரும்பி வரும், அதனாலதான் மதியக் கச்சேரி வேணும்னா மலையில எல்லாரும் ஷார்ட் வேவ் பக்கம் முள்ளைத் திருப்பினாங்க.

இதுல நம்ம மலைகளுக்கு ஒரு சொந்தத் தொடர்பு இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல வந்தது, அங்க உக்காந்துதான் சூரியனை நாள் தவறாம படம் எடுத்து வச்சாங்க. சூரியன்ல பெரிய வெடிப்பு நடந்தா கொஞ்ச நேரத்துல பகல் பக்கம் இருக்கற ஷார்ட் வேவ் எல்லாம் அப்படியே அடங்கிப் போயிடும், பத்து நிமிஷம் இருக்கலாம், ஒரு மணி நேரம் கூட இருக்கலாம். 1930-கள்லதான் இந்தத் தொடர்பு பிடிபட்டுச்சு. கொடைக்கானல்ல ஒரு வீட்டுல கச்சேரி பாதியில நின்னு செட்டுதான் கெட்டுப் போச்சுன்னு தட்டிட்டு இருந்தப்ப, அதே மலை உச்சியில ஒருத்தர் அந்த வெடிப்பைக் கண்ணாடித் தகட்டுல பதிச்சிட்டு இருந்திருக்கலாம். இதை நினைச்சாலே எனக்கு சிலிர்க்கும்.

கேள்வி: ஸ்டூடியோ உள்ள என்ன நடக்கும்? ஒரு மதிய நிகழ்ச்சி எப்படி ஓடும்?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரூம் முழுக்க கனமான திரை, தரையில கனமான விரிப்பு, எதிரொலி வரக்கூடாதுன்னு. ஆரம்ப காலத்துல உலகம் பூரா இந்த எதிரொலிதான் தலைவலி. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் நகரத்துல கேடிகேஏன்னு 1920-ல தொடங்கின ஸ்டேஷன்ல, ரூமுக்குள்ள வாத்தியக் கோஷ்டி வாசிச்சா ஒரே கொழகொழப்பா கேட்டுச்சுன்னு மொட்டை மாடியில கூடாரம் போட்டு அதுக்குள்ள வாசிக்க வச்சாங்க. நல்லா கேட்டுச்சு. காத்துல கூடாரம் பிச்சுக்கிட்டுப் போனதும் அந்தக் கூடாரத் துணியை உள்ள ரூம்லயே கட்டி அதுக்குள்ள வாசிச்சாங்க, ஸ்டூடியோவுக்குத் திரை போடற பழக்கம் இப்படி எல்லாம்தான் படிஞ்சு வந்துச்சு.

ஆரம்பத்துல பெரும்பாலும் ஒரே மைக். இன்னிக்கு மாதிரி ஒவ்வொருத்தருக்கும் ஒரு மைக் வச்சு பின்னாடி ஏத்தி இறக்கற வேலை கிடையாது. யார் எவ்வளவு தூரத்துல உக்காரணும்ங்கறதுதான் மிக்சிங். பாடகர் மைக் பக்கம், வயலின் கொஞ்சம் தள்ளி, மிருதங்கம் இன்னும் தள்ளி கொஞ்சம் பக்கவாட்டுல. நாகஸ்வரமும் தவிலும்னா ரூமோட கடைசிக்கே போகணும், இல்லன்னா அந்தப் பழைய கார்பன் மைக் தாங்காது. கார்பன் மைக்ல உள்ள கரித்தூள் கட்டிக்கும், அப்பப்ப தட்டி விடணும், எப்பவும் பின்னாடி ஒரு சீற்றம் இருந்துக்கிட்டே இருக்கும். பாடகர் உச்சஸ்தாயிக்குப் போகும்போது தானே முகத்தைக் கொஞ்சம் பின்னால எடுக்கணும், இதையெல்லாம் ஒத்திகையில கத்துக்கிட்டாங்க.

அடுத்தது கடிகாரம். கோயில் திருவிழாவுல நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் பாடின வித்வான்கள்கிட்ட "உங்களுக்கு முப்பது நிமிஷம்"னு சொன்னா எப்படி இருந்திருக்கும். ஆலாபனையைச் சுருக்கணும், நிரவலை (ஒரே வரியை விதவிதமாப் பாடறது) விடணும், சிவப்பு விளக்கு எரிஞ்சதும் ஆரம்பிக்கணும், கையைக் காட்டினதும் துக்கடாவுக்கு (கடைசியில பாடற சின்னப் பாட்டு) வந்து முடிக்கணும். எதிர்ல தலையாட்ட ஆள் இல்ல, "பலே"ன்னு சொல்ல ஆள் இல்ல. சுவரைப் பாத்துப் பாடணும். அந்த சுவருக்கு அந்தப் பக்கம் கோத்தகிரியில ஒரு கூடத்துல பத்து பேர் தலையாட்டிட்டு இருக்காங்கன்னு பாடறவருக்குத் தெரியவே தெரியாது.

நிலைய வித்வான்கள்னு சம்பளத்துக்கு வச்சிருந்த கலைஞர்கள் இருந்தாங்களே, என்னைக் கேட்டா நேரடி ஒலிபரப்பையே தோள்ல தாங்கினது அவங்கதான். வெளியூர்ல இருந்து வர்றவருக்குப் பக்கவாத்தியம் அவங்க, அடுத்த அரை மணி நேரத்துல நாடகத்துக்குப் பின்னணி அவங்க, பாட வேண்டியவர் ரயில் லேட்டாகி வரலன்னா திடீர்னு வீணையோ புல்லாங்குழலோ எடுத்துக்கிட்டு போய் உக்கார்றதும் அவங்க. அவங்க பேரை எல்லாம் அறிவிப்பாளர் ஒரு தடவை சொல்லுவாரு, அதோட சரி. பெரிய வித்வான்களைப் பத்தி எழுதறவங்க இவங்களைப் பத்தியும் ஒரு பக்கமாவது எழுதணும்.

கேள்வி: லேசான நிகழ்ச்சின்னா எது? கர்நாடக சங்கீதம் மட்டும்தானா?

இல்ல இல்ல. நாட்டுப்பாட்டு, நகைச்சுவை உரையாடல், குட்டி நாடகம், பெண்களுக்கான மதிய நிகழ்ச்சி, குழந்தைங்க நிகழ்ச்சி, வாத்தியக் கோஷ்டி, அப்புறம் வந்த மெல்லிசை. நாடகம் நேரடின்னா அது தனி வித்தை. குதிரை ஓடற சத்தத்துக்கு கொட்டாங்குச்சி, இடிக்கு தகரத் தகடு, மழைக்கு முறத்துல அரிசி, வசனம் பேசறவருக்குப் பின்னாடி ஒருத்தர் இதையெல்லாம் சரியான நொடியில பண்ணிக்கிட்டே இருக்கணும், பக்கம் திருப்பற சத்தம் கூட மைக்ல விழக்கூடாது.

கேள்வி: தேயிலைத் தோட்டத்து பங்களாக்கள்ல துரைமாருங்க என்ன கேட்டாங்க?

லண்டன். பிபிசி ஒலிபரப்பு லண்டன்ல 1922 நவம்பர் 14-ல தொடங்குச்சு. 1923-ல இருந்தே சவாய் ஹோட்டல் நடன இசைக் கோஷ்டிங்க அங்க ரேடியோவுல ரொம்பப் பிரபலம். ஆனா இந்தியாவுல கேக்கற மாதிரி அவங்க ஷார்ட் வேவ்ல எம்பயர் சர்வீஸ் தொடங்கினது 1932 டிசம்பர் 19. டேவன்ட்ரிங்கற இடத்துல இருந்து உலகத்தை மண்டலம் மண்டலமாப் பிரிச்சு அனுப்பினாங்க, இந்தியாவுக்கும் ஒரு மண்டலம்.

இதுல ஒரு சுவாரசியம். இங்க சாயங்காலம் ஆளுங்க தோட்ட வேலை முடிஞ்சு உக்கார்ற நேரத்துக்குப் பாட்டு வரணும்னா லண்டன்ல மதியமே வாசிக்கணும். நம்ம நேரம் அவங்களை விட அஞ்சரை மணி நேரம் முன்னாடி இல்லையா. அதனால லண்டன் ஸ்டூடியோவுல மத்தியானச் சாப்பாடு முடிச்சு வந்து வாசிச்ச கோஷ்டியோட இசையை குன்னூர்ல கணப்பு அடுப்பு முன்னாடி ராத்திரி கேட்டாங்க. அதே 1932 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதல் தடவையா கிறிஸ்துமஸ் செய்தியை ரேடியோவுல நேரடியாப் பேசினாரு, அங்க மதியம் 3 மணி, இங்க ராத்திரி எட்டரை. சில நிகழ்ச்சிகளை எஃகு நாடாவுல பதிஞ்சு வேற மண்டலத்துக்கு மறுபடி போட்டாங்க, அந்த மெஷின் அன்னிக்கு ரொம்ப அபூர்வம்.

பங்களாவுல சமையல் வேலை, தோட்ட வேலை பாத்த நம்ம ஆளுங்கதான் மலையில ரேடியோ கேட்ட முதல் தமிழர்கள்னு நான் நம்பறேன், கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருப்பாங்க. அவங்க கேட்டதை யாரும் எழுதி வைக்கல.

கேள்வி: ரேடியோவுக்கு முன்னாடி மலையில மதிய இசை எங்க இருந்துச்சு?

சீசன்ல தாவரவியல் பூங்கா மேடையில பேண்ட் வாத்தியம், வெலிங்டன்ல ராணுவ பேண்ட். ஹட்டிகள்ல, அதாவது படுகர் ஊர்கள்ல, அவங்க பாட்டும் ஆட்டமும். நீலகிரிப் பழங்குடியான கோத்தர்களோட குழலும் பறையும் கொம்பும், சாவுச் சடங்குல இருந்து சாமி காரியம் வரைக்கும் அது இல்லாம இல்ல. நேரடி இசைக்கு மலையில குறையே கிடையாது. தூரத்துல இருக்கறவங்க வாசிக்கறதைக் கேக்கறதுதான் புதுசு.

கேள்வி: கரண்ட் இல்லாத காலத்துல ரேடியோ எப்படி ஓடுச்சு சார்?

பேட்டரியில. ஒரு பேட்டரி இல்ல, பழைய செட்டுக்கு மூணு வேணும். வால்வோட இழையைச் சூடாக்க 2 வோல்ட் ஈயப் பேட்டரி, ஓட்டத்துக்கு 90-ல இருந்து 120 வோல்ட் உலர் பேட்டரி, அப்புறம் 9 வோல்ட் மாதிரி ஒரு சின்னது. அந்த ஈயப் பேட்டரியை அடிக்கடி சார்ஜ் பண்ணணும், தோட்டத்துல இருந்து டவுனுக்கு ஆள் தலையில சுமந்துட்டுப் போவாங்க, ஆசிட் சிந்தி சட்டை ஓட்டையான கதை பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். அப்புறம் கார் பேட்டரியில ஓடற வைப்ரேட்டர் செட் வந்துச்சு, அது எவ்வளவோ தேவலை. பேட்டரி தீந்துடும்னு வேண்டிய நிகழ்ச்சிக்கு மட்டும்தான் போடுவாங்க, மதியம் ஒரு கச்சேரி, ராத்திரி செய்தி, அவ்வளவுதான். நிகழ்ச்சி விவரத்துக்கு "வானொலி"ன்னு பத்திரிகையே வந்துச்சு, அதுல பாத்துக் குறிச்சு வச்சுக்குவாங்க.

பைக்காரா மின் நிலையம் நம்ம நீலகிரியில 1932-லயே ஓட ஆரம்பிச்சது, ஆனா அந்தக் கரண்ட் கோயமுத்தூர் மில்லுங்களுக்குத்தான் கம்பி வழியா இறங்குச்சு, அந்த ஊர் வளந்ததே அதனாலதான். மலை மேல எத்தனையோ ஹட்டியும் தோட்டத் தொழிலாளிங்களோட லைன் வீடும் அதுக்கப்பறம் ரொம்ப காலம் மண்ணெண்ணெய் விளக்குலயே இருந்துச்சு. தண்ணி நம்மளது, கரண்ட் கீழ, பாட்டு மட்டும் பேட்டரியில. இது நியாயம்னு எனக்கு என்னிக்குமே தோணினதில்ல.

கேள்வி: ஏரியல் எப்படி கட்டுவாங்க?

அம்பது, நூறு அடி செம்புக் கம்பி, ரெண்டு கற்பூர மரத்துக்கு நடுவுல, ரெண்டு முனையிலயும் பீங்கான் முட்டை இன்சுலேட்டர். மரம் காத்துல ஆடுமே, அதனால கம்பியை இறுக்கிக் கட்டக்கூடாது, தொய்வு விடணும், இல்லன்னா ஒரு ஜூலை காத்துக்கே அறுந்துடும். எர்த்துக்கு செம்புத் தகடு இல்ல பைப்பை குழியில இறக்கி கரியும் உப்பும் போட்டு மூடுவாங்க, இங்க மண்ணு ஈரமா இருக்கறதால எர்த் நல்லா பிடிக்கும். ஏப்ரல், மே, அக்டோபர் மாசத்துல மதியம் இடி வந்துச்சுன்னா கச்சேரி எவ்வளவு நல்லா இருந்தாலும் கத்தி ஸ்விட்சை (ஏரியலை செட்டுல இருந்து எர்த்துக்கு மாத்தற ஸ்விட்ச்) எர்த் பக்கம் தள்ளிடணும். மேடான இடத்துல தனியா நிக்கற கம்பிதான் மின்னலுக்கு முதல்ல கிடைக்கும்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கணுமாமே?

ஆமா. 1927-ல வருஷத்துக்கு 10 ரூபாய், அன்னிக்கு அது பெரிய காசு. 1930 கடைசியில இந்தியா முழுக்கவே எட்டாயிரம் லைசென்ஸ் கூட இல்ல. அப்புறமும் பல வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல போய் புத்தகத்துல புதுப்பிச்சுட்டு வரணும், 1980-கள்லதான் எடுத்தாங்க. அந்தப் பழைய புத்தகம் வீட்டுல இருந்தா தூக்கிப் போடாதீங்க, செட் எந்த வருஷம் வாங்கினதுன்னு கண்டுபிடிக்க அது ரொம்ப உதவும்.

கேள்வி: சிலோன் ரேடியோவைப் பத்தி சொல்லாம விட்டுட்டீங்களே?

விடுவேனா. கொழும்புல ஒலிபரப்பு 1925 டிசம்பர்லயே வந்தாச்சு. போர் சமயத்துல நேச நாட்டு ராணுவத்துக்காக அங்க வச்ச பலமான ஷார்ட் வேவ் டிரான்ஸ்மிட்டர் பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்துச்சு. 1952-ல பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சரா வந்து அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்தினாரு, கேக்கறவங்க எல்லாம் கூட்டமா சிலோன் பக்கம் போயிட்டாங்க. 1957 அக்டோபர் 3-ல அகில இந்திய வானொலியோட சினிமாப் பாட்டுச் சேவையான விவித் பாரதி தொடங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்துக்கு நிறைய நல்லது பண்ணினாரு, 1952-ல தேசிய இசை நிகழ்ச்சி வந்தது அவர் காலத்துலதான், அதை மறுக்க முடியாது. ஆனா உழைச்சுட்டு வந்து அரை மணி நேரம் லேசா பாட்டு கேக்கணும்னு நினைக்கறவங்களோட ஆசையை அவர் மதிக்கலன்னுதான் நான் சொல்வேன்.

கொழும்பு கொடைக்கானல்ல இருந்து சுமார் 450 கிலோமீட்டர், நீலகிரியில இருந்து 600. பகல்ல ஷார்ட் வேவுக்கு இது ரொம்ப வசதியான தூரம், சென்னையை விட சிலோன் தெளிவா கேட்ட மதியங்கள் இந்த மலையில எக்கச்சக்கம்.

நீலகிரிக்கு இதுல இன்னொரு கதையும் இருக்கு. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்பறம் இலங்கை மலையகத் தோட்டங்கள்ல இருந்து நம்ம ஜனங்க ஆயிரக்கணக்குல திரும்பி வந்தாங்க, அவங்களுக்காகவே 1968-ல அரசு தேயிலைத் தோட்டம் போட்டாங்க, கூடலூர், கோத்தகிரி, குன்னூர்னு குடியமர்ந்தாங்க. அவங்களுக்கு சிலோன் ரேடியோ சும்மா பொழுதுபோக்கு இல்ல. விட்டுட்டு வந்த ஊர், அங்கயே தங்கிட்ட அக்கா, தம்பி, அந்த அறிவிப்பாளரோட பேச்சு வழக்கு எல்லாம் அதுலதான் வந்துச்சு. பிறந்தநாள் வாழ்த்துல தெரிஞ்ச பேர் வருதான்னு காது குடுத்துக்கிட்டே இருப்பாங்க. லைன் வீட்டுல ஒரு டிரான்சிஸ்டர் இருந்தா போதும், அஞ்சு குடும்பம் வாசல்ல உக்காந்து கேக்கும். என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற செட்டுகள்ல சிலோன் இருக்கற இடத்துல டயல் கண்ணாடி மேல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருப்பாங்க, அதை நான் துடைக்கறதே இல்ல.

கேள்வி: மலையில இருந்தே ஒலிபரப்பு எப்ப வந்துச்சு?

ரொம்ப லேட்டு. 1990-கள்லதான் ஊட்டி நிலையமும் கொடைக்கானலோட கோடைப் பண்பலையும். கோடை எஃப்எம் 100.5, 10 கிலோவாட், உயரத்துல நிக்கறதால மதுரை, திண்டுக்கல், தேனின்னு அத்தனை பக்கமும் கேக்கும். எஃப்எம் அலை நேரா பாக்கற இடத்துக்குத்தான் போகும், மலை குறுக்க நின்னா நின்னுடும், அதனால நீலகிரியில ஒரு வளைவு தாண்டினா ஸ்டேஷன் காணாமப் போறது சகஜம். ஊட்டி நிலையத்துல படுகர் பாட்டும் பழங்குடி மக்களோட பாட்டும் வந்ததுதான் எனக்குப் பெரிசு. எழுபது வருஷம் கீழ இருந்து மேல கேட்ட ஜனங்க குரலும் கடைசியில காத்துல ஏறுச்சு.

கேள்வி: ஹார்மோனியத்துக்குத் தடை இருந்துச்சா?

இருந்துச்சு. 1940-ல இருந்து 1971 வரைக்கும் அகில இந்திய வானொலியில ஹார்மோனியம் கிடையாது, நம்ம கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைச்சுப் பாடறது) அது ஒத்து வராதுன்னு காரணம் சொன்னாங்க. அதனால அந்தக் காலத்து மதிய பஜனை நிகழ்ச்சியில தம்புராவும் வயலினும்தான் சுருதிக்கு.

கேள்வி: அண்ணே, பாட்டியோட மர்ஃபி செட் பரண்ல கிடக்கு, பிளக்கைச் சொருகிப் பாக்கலாமா?

தயவுசெஞ்சு சொருகாதீங்க. இத்தனை வருஷம் ஊட்டி ஈரத்துல கிடந்த செட்டுல பேப்பர் கண்டன்சர் எல்லாம் கசிஞ்சிருக்கும், எலி வயரைக் கடிச்சிருக்கும், நேரா 230 வோல்ட் குடுத்தா டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போயிடும், அதுக்கப்பறம் காப்பாத்தறது கஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி டிசி செட்டுன்னா இன்னும் ஆபத்து, உள்ள இருக்கற இரும்புத் தட்டுலயே நேரடியா கரண்ட் இருக்கும், பின்பலகையைக் கழட்டித் தொட்டா உயிருக்கே ஆபத்து. முதல்ல தூசியைப் பிரஷ்ஷால தட்டுங்க, தண்ணித் துணி வேண்டாம். வால்வுங்களை இடம் மாத்தாம எந்தக் குழியில எந்த நம்பர்னு போட்டோ எடுத்துக்கங்க, எழுத்து மேல கை வச்சுத் தேய்க்காதீங்க, நம்பர் அழிஞ்சுடும். அப்புறம் வால்வு செட் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்க, அவர் கண்டன்சர் மாத்திட்டு ஒரு குண்டு பல்பை சீரிஸ்ல போட்டு மெல்ல கரண்ட் ஏத்திப் பாப்பாரு, பல்பு முழு வெளிச்சமா எரிஞ்சா உள்ள ஷார்ட்டுன்னு அர்த்தம், உடனே நிறுத்திடுவாரு. ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சிருந்தாலும் அதே ஸ்பீக்கரை ஒட்டி வைக்கச் சொல்லுங்க, புதுசு போட்டா அந்தக் குரல் வராது. ஏரியலுக்கு ஜன்னல் வழியா முப்பது அடி வயர் போதும், ஆரம்பத்துல ராத்திரி ஏழு மணிக்கு மேல மீடியம் வேவ்ல வச்சுப் பாருங்க.